போர்னியோவின் பெலினா ஆர்க்கிட்டை வீட்டு போர்ச்சில் வளர்ப்பது எப்படி

தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ யாராவது உங்களுக்கு ஒரு வெள்ளை ஆர்க்கிட் தொட்டி கொடுத்திருப்பார்கள். இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட, ராஜா மாதிரி நின்றிருக்கும். பூ கொட்டியதும் இலை மட்டும் மிஞ்சும். நீங்களும் தண்ணீர் ஊற்றுவீர்கள், உரம் போடுவீர்கள், ஒரு வருடம் ஓடிவிடும், ஒரு மொட்டு வராது. உங்கள் கைராசியில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய வெள்ளைப் பூ ஃபெலனாப்சிஸ் கலப்பினங்கள் பூத்தண்டு விட வேண்டுமென்றால் சில வாரங்களாவது தொடர்ந்து 25, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி கிடைக்க வேண்டும். மலைப்பக்கத்திலோ குளிரூட்டிய கூடத்திலோ பூக்க வைத்துத்தான் கீழே கொண்டுவருகிறார்கள். நான் இருக்கும் மலேசியாவின் கிள்ளானில் பகலில் 33, இரவில் 25. அது எப்படிப் பூக்கும்?

அதே குடும்பத்தில் இந்தச் சூட்டிலேயே பிறந்து, இந்தச் சூட்டிலேயே பூக்கிற ஒரு காட்டு இனம் இருக்கிறது. ஃபெலனாப்சிஸ் பெலினா. போர்னியோத் தீவின் செடி. சரவாக்கிலும் கலிமந்தானிலும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்துக்குள், ஆற்றோரக் காடுகளிலும் சதுப்புக்காடுகளிலும், நீர்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளரும். குளிர் தேவையில்லை, உறக்கக் காலம் கிடையாது. கையகலத்துக்கு மினுமினுவென்று வாழைக்குருத்துப் பச்சையில் நாலைந்து இலை, நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பூ. மேலே இளம்பச்சை கலந்த வெள்ளை, கீழ்ப்பக்கத்து இரண்டு இதழ்களின் உட்பாதியில் மட்டும் நாவல்பழம் கசக்கிப் பூசின மாதிரி ஊதா. அந்த வாசம் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்காகத்தான் பாதிப் பேர் இதை வாங்குகிறார்கள்.

நான் மூன்று பெலினாவைக் கொன்றவன். நாலாவது இப்போது ஏழு வருடமாக உயிரோடு இருக்கிறது. மூன்றும் செத்த காரணம் ஒன்றேதான், அதனால் அதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வேலைக்குப் போவோம்.

சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் வருடத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதைப் படித்த எவனும், நானும்தான், "ஓ, இதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும்போல" என்று முடிவுகட்டிக் குவளையும் கையுமாக நிற்பான். மழை கொட்டுவது உண்மை. ஆனால் அங்கே செடி இருப்பது மண்ணில் இல்லை, மரத்தின் பக்கவாட்டில். இலைகள் கீழே பார்த்துத் தொங்கும். மழை வேரை நனைத்துவிட்டு வழிந்து ஆற்றில் விழுந்துவிடும், குருத்தில் ஒரு சொட்டுகூடத் தங்காது. கொஞ்ச நேரத்தில் காற்றில் வேர் உலர்ந்துவிடும். தினமும் குளிக்கும், ஆனால் ஈரத் துணியோடு உட்காராது. நாம் என்ன செய்கிறோம்? அதைத் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, குருத்தைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றுகிறோம். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு தப்பைத் தவிர்க்கிற வேலைதான்.

எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். இது வெறும் நல்ல பிள்ளைப் பேச்சு இல்லை, உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிற விஷயமும்கூட. காட்டிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்த செடி பாதிக்கு மேல் வேரை மரத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கும், வீட்டில் ஆறு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து சாகும். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இலைகளில் பழைய காயம், பூச்சி கடித்த ஓட்டை, மேலே பாசித் திட்டு, வேர் முழுக்கத் தட்டையாகவும் முனை உடைந்தும் இருக்கும், சில சமயம் மரப்பட்டைத் துண்டுகூட ஒட்டியிருக்கும். தொட்டியில்லாமல் கட்டுக்கட்டாகக் குவித்து மலிவாக விற்றால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். சரவாக்கில் காட்டு ஆர்க்கிட்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. அதோடு உலகம் முழுக்க எல்லா ஆர்க்கிட்களும் சைட்டிஸ் (அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற) ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன, ஆகவே ஊருக்குப் போகும்போது பெட்டியில் சுருட்டிக் கொண்டுபோகலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

நாற்றுக்கூடத்துச் செடியின் இலைகள் எல்லாம் ஒரே மாதிரி மழமழவென்று இருக்கும். வேர்கள் தொட்டியின் சுவரைச் சுற்றி வளர்ந்திருக்கும். முனை பச்சையாகவோ லேசான ஊதாவாகவோ பளபளத்தால் வாங்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது: குடுவையிலிருந்து எடுத்த குட்டி நாற்று வேண்டாம், மலிவுதான், ஆனால் அது பூக்கச் சுமார் மூன்று வருடம் பிடிக்கும், அதற்குள் கொல்லும் வாய்ப்பு பத்து வரும். இலை ஒரு சாண் நெருங்கிய செடியாக, முடிந்தால் பூவோடு வாங்குங்கள்.

பூவோடு வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதற்கு ஒரு பங்காளி உண்டு, ஃபெலனாப்சிஸ் வயலேசியா. தீபகற்ப மலேசியா, சுமத்ரா பக்கத்துச் செடி. ரொம்ப காலம் இரண்டையும் ஒரே இனம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியர் ரைஷன்பாக் 1884இல் பெலினாவை வயலேசியாவின் ஒரு வகை என்றுதான் எழுதினார், 1995இல் கிறிஸ்டன்சன் என்கிற அமெரிக்கர்தான் தனி இனமாகப் பிரித்தார். பிரித்ததில் வாசத்துக்கும் பங்கு உண்டு. பெலினாவில் இருப்பது லினலூல், ஜெரானியால் என்கிற வாசப் பொருள்கள், எலுமிச்சை ரக வாசம். வயலேசியாவில் வேறு சரக்கு, மசாலா நெடி அடிக்கும். பூவைப் பார்த்தும் சொல்லலாம். வயலேசியா நட்சத்திரம் மாதிரி தட்டையாக, பெரும்பாலும் பூ முழுக்க ஒரே நிறம். பெலினாவில் கீழ் இதழ்கள் இரண்டும் அகன்று, உள்பக்கம் வளைந்து, கால் வளைந்த பயில்வான் நிற்கிற மாதிரி இருக்கும். இரண்டையும் கலந்தால் வருவது சமேரா. நிறைய இடங்களில் சமேராவைப் பெலினா என்று விற்கிறார்கள். வளர்க்கும் விதம் ஒன்றுதான், அதனால் ஏமாந்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் பெலினா விலை கொடுத்தால் பெலினா வர வேண்டும், இல்லையா?

எந்த இடத்தில் வைப்பது

வீட்டைச் சுற்றி ஒரு நாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நடந்து பாருங்கள். நேரடி வெயில் படாமல், ஆனால் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வெளிச்சமாக எந்த இடம் இருக்கிறதோ அதுதான் இடம். கையை இலைக்கு ஒரு அடி மேலே நீட்டுங்கள். நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம். நிழலே தெரியாவிட்டால் போதாது. ஓரம் மங்கலாக ஒரு நிழல் விழுந்தால் சரி. எண் பிடித்தவர்கள் கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலியைப் போட்டு 8,000 முதல் 12,000 லக்ஸ் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். காலை எட்டரை மணி வரை இளவெயில் பட்டால் பரவாயில்லை. மதிய வெயில் அரை மணி நேரம் பட்டாலும் அகலமான அந்த இலையில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்துவிடும், அந்தத் தழும்பு இலை இருக்கும் வரை போகாது. இந்தச் செடியில் ஓர் இலை வருடக்கணக்கில் இருக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

எங்கள் தரை வீட்டில் காரை நிறுத்தும் போர்ச்சின் உள்மூலைதான் சரியாக அமைந்தது. முன்பக்கம் 70 சதவீத நிழல் வலை கட்டியிருக்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது. மேற்குப் பார்த்திருந்தால் வலை இரண்டு அடுக்காகப் போட வேண்டியிருக்கும்.

குளிர்சாதன அறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். குளிர் ஒரு பக்கம், அந்த வறண்ட காற்று இன்னொரு பக்கம். 20 டிகிரிக்குக் கீழே போனால் இந்தச் செடி சுணங்கிவிடும், மொட்டு மஞ்சளாகி விழும். ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் இருந்தால் போதும், மலேசியத் தாழ்நிலத்தில் அதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

காற்றோட்டம்தான் பலர் மறக்கிற விஷயம். இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில்தான் திறந்து காற்றை உள்ளே இழுக்கும், கள்ளிச்செடி மாதிரி. ஆகவே இரவிலும் காற்று அசைய வேண்டும். சுவரை ஒட்டிக் காற்றே வராத மூலையாக இருந்தால் ஒரு சின்ன மேசை விசிறி வாங்கி, செடியைப் பார்த்து இல்லாமல், பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடுங்கள். இலை லேசாக அசைந்தால் போதும். மின்கட்டணம் பற்றி வீட்டில் பேச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியா, கட்டையா

தினமும் காலையில் வீட்டில் ஆள் இருப்பார், மறக்காமல் தண்ணீர் காட்டுவார் என்றால் கட்டையில் கட்டுவதுதான் ஆக நல்லது, காட்டில் இருக்கிற மாதிரியே. ஒரு முழ நீளமுள்ள கெட்டியான பலகை அல்லது சொரசொரப்பான மரத்துண்டு, மருந்து அடிக்காததாக, வண்ணம் பூசாததாக இருக்கட்டும். செடியின் அடிப்பகுதி மேலேயும் இலைகள் கீழே பார்த்தும் இருக்கும்படி பிடித்து, வேருக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தேங்காய் நாரோ ஸ்பேக்னம் பாசியோ வைத்து, தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டுங்கள். செடி ஆடக் கூடாது. ஆடினால் புது வேர் முனை உரசி உரசி நின்றுவிடும். மூன்று நாலு மாதத்தில் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், அப்போது நரம்பை வெட்டிவிடலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொட்டி. நாலு அங்குலத்துத் தெளிவான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, அடியில் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் காய்ச்சிய ஆணியால் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். தெளிவான தொட்டி எதற்கு என்றால் வேரைப் பார்ப்பதற்கு, அது கீழே வரும். பெரிய தொட்டி வாங்கித் தொலைக்காதீர்கள். "வளர இடம் வேண்டாமா" என்று தோன்றும், ஆனால் வேர் எட்டாத இடத்தில் தேங்குகிற ஈரம்தான் அழுகலின் தாய்வீடு.

உள்ளே போடுவது கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் சரிபாதி. மண் ஒரு பிடிகூடக் கூடாது. கரி என்றால் சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடப் பயன்படுத்துகிற அதே மரக்கரிதான், பேராக்கில் கோலா செபெத்தாங் சூளைகளில் சதுப்பு மரத்தைச் சுட்டு எடுப்பார்கள், கெட்டியாக இருக்கும், சீக்கிரம் தூளாகாது. எரிவதற்கு எண்ணெய் சேர்த்த கரிக்கட்டிகளை வாங்கிவிடாதீர்கள். கட்டைவிரலின் முதல் கணு அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, கழுவிப் போடுங்கள். தேங்காய் மட்டையை அதே அளவுக்கு நறுக்கி மூன்று நாள் ஊறப்போட வேண்டும், தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் நாள் தண்ணீர் கடுந்தேநீர் மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் வெளிர்ந்துவிடும். அந்தக் கறையும் உப்பும் வெளியே போகாமல் போட்டால் வேர் முனை கருகும். மட்டை இரண்டு வருடத்தில் மக்கத் தொடங்கும், அப்போது தொட்டி மாற்றுங்கள்.

நடும் நாளில் செய்ய வேண்டியது இதுதான். பழைய கலவையை உதறி, வேரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். உயிருள்ள வேர் பச்சையாகி விறைத்து நிற்கும். விரலால் அழுத்தினால் நசுங்கி உள்ளே நூல் மட்டும் வருகிற வேரைக் கத்தரித்துவிடுங்கள். கத்தரிக்கோலை முதலில் அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவைக்க வேண்டும், ஒவ்வொரு செடிக்கும் தனியாக. வைரஸ் இப்படித்தான் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. பிறகு செடியை நேராக நடாமல் ஒரு பக்கமாகச் சாய்த்து, குருத்திலிருந்து தண்ணீர் தானாக வழிகிற மாதிரி நடுங்கள். பார்க்கிறவர்கள் "என்ன, செடி விழுந்து கிடக்கிறது" என்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். ஏழு வருடமாக விழுந்தே கிடக்கிறது.

தண்ணீர்

வேரின் வெளித்தோல் பஞ்சு மாதிரி. காய்ந்தால் வெள்ளியாகத் தெரியும், நனைந்தால் பச்சையாகும். இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது, அதனால்தான் தெளிவான தொட்டி. வேர் பச்சையாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். வெள்ளியானதும் ஊற்றுங்கள், அவ்வளவுதான். என் போர்ச்சில் தொட்டிச் செடிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை. கட்டைச் செடிக்கு தினமும், வெயில் கடுமையான நாளில் இரண்டு தடவை. உங்கள் வீட்டில் எண்ணிக்கை வேறாக இருக்கும், அட்டவணை போட்டுக்கொள்ளாதீர்கள், வேரைப் பாருங்கள்.

காலையில் பத்து மணிக்குள் ஊற்றிவிட வேண்டும். மாலையில் கூடவே கூடாது. எனது மூன்றாவது பெலினா போன கதை இது. அதற்கு அப்போது முதல் பூத்தண்டு வந்திருந்தது, மூன்று வருடக் காத்திருப்பு. நான் இரண்டு நாள் ஜொகூர் போயிருந்தேன். அம்மா வீட்டில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் குருத்தில் கலங்கலாக வெள்ளைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. "சாயந்திரம் பார்த்தேன்டா, பாவம் காஞ்சு கிடந்துச்சு. அரிசி கழுவின தண்ணி ஊத்துனேன், ரோஜாவுக்கு ஊத்துறதுதானே, நல்லா வரும்" என்றார். மறுநாள் காலை குருத்திலையின் அடியில் வெந்நீர் பட்ட மாதிரி ஒரு கொப்புளம். மதியம் அது ஐந்து காசு அளவு. அடுத்த நாள் நடு இலையைத் தொட்டேன், கையோடு கழன்று வந்துவிட்டது, அடியில் சாக்கடை நாற்றம். தென்னைக்காரர்கள் சொல்வார்களே குருத்தழுகல், அதேதான். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்றும் ரோஜாவுக்கு அரிசித் தண்ணீர்தான் ஊற்றுகிறார், ரோஜா நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஊற்றி முடித்ததும் குருத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மெல்லிய தாளின் ஓரத்தைத் திருகி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். வேருக்கும் ஆகாது, ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரிகள் வரும்போது அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீரின் தரமும் முக்கியம். கிள்ளான் பக்கம் குழாய்த் தண்ணீரில் உப்புக் குறைவு, நேரடியாகவே ஊற்றுகிறேன். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அப்படி ஊற்ற முடியாது, வேர் முனைகள் கருகி நிற்கும், தொட்டி ஓரத்தில் வெள்ளை படியும். மழை நீரைப் பிடித்து வையுங்கள், மூடிய பாத்திரத்தில். சென்னைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி, சூடு இந்தச் செடிக்குப் பிரச்சினை இல்லை, 35 வரை தாங்கும். சித்திரை, வைகாசியில் 40 தாண்டும்போதும் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போதும்தான் கவனம். அந்த வாரங்களில் வலையை இரட்டிப்பாக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, மற்றச் செடிகளுக்கு நடுவே கூட்டமாக வைத்துவிடுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம்.

உரம்

இதில் சொல்ல அதிகமில்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் 20-20-20 உரத்தை 4 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்று கரைத்து வாரம் ஒருமுறை. டப்பாவில் எழுதியிருப்பதில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேர் நனைந்திருக்கும்போது ஊற்ற வேண்டும், காய்ந்த வேரில் வேண்டாம். மாதத்தில் ஒரு வாரம் உரம் இல்லாமல் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றித் தேங்கின உப்பைக் கழுவிவிடுங்கள், கரி உப்பைப் பிடித்துவைக்கும். புதிதாக நட்ட செடிக்குப் பச்சை வேர் முனை தெரியும்வரை உரமே கிடையாது. பூ சீக்கிரம் வர ஊட்ட மருந்து என்று விற்கிறார்களே, வாங்க வேண்டாம்.

நோயும் பூச்சியும்

அழுகல் பற்றி மேலே சொன்னேன். அது இலை நுனியிலோ நடுவிலோ தொடங்கினால் காப்பாற்றலாம், ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டும். சூட்டில் அது ஒரே நாளில் ஓர் இலையைத் தின்றுவிடும். நெருப்பில் காட்டிய பிளேடால், நல்ல பச்சைப் பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே வந்து வெட்டி எறியுங்கள். வெட்டின இடத்தில் பட்டைத் தூள் தடவலாம், சமையலறையில் இருக்கும் இலவங்கப்பட்டைதான். வேரில் மட்டும் படக் கூடாது, வேரை உலர்த்திக் கொன்றுவிடும். பிறகு மூன்று நாலு நாள் தண்ணீரில்லாமல் விசிறி ஓடும் இடத்தில் வையுங்கள். குருத்தே போய்விட்டாலும் செடியைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள், கீழ் இலைகளும் வேரும் நன்றாக இருந்தால் சில சமயம் அடியிலிருந்து ஒரு பக்கக் கன்று வரும். என்னுடையதில் வரவில்லை.

வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுங்கள், இலை மடிப்பில் ஒளிந்திருக்கும், வாரம் ஒருமுறையாக ஒரு மாதம் தொடர வேண்டும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி தடவின மாதிரி சொரசொரத்தால் சிலந்திப்பேன். இலை அடியைக் காலையில் நன்றாகக் கழுவிவிடுங்கள். எல்லாரையும்விடப் பெரிய எதிரி மிளகு அளவுகூட இல்லாத குட்டி நத்தைகள். பகலில் கரிக்குள் இருந்துவிட்டு ராத்திரியில் வேர் முனைகளைத் தின்னும். ஒரு துண்டு வெள்ளரிக்காயை மாலையில் தொட்டிமேல் வைத்து, இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், எல்லாம் விருந்துக்கு வந்திருக்கும். காயோடு எடுத்துப் போட்டுவிடலாம்.

பூ

நாலு நல்ல இலை, ஒவ்வொன்றும் ஒரு சாண், இந்த அளவுக்கு வந்தால் இலைக் கக்கத்தில் ஏதோ முளைக்கும். வேரா தண்டா என்று குழம்புவீர்கள். வேர் முனை உருண்டையாகப் பளபளக்கும். பூத்தண்டின் முனை கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் சின்னப் பிளவோடு, கையுறை போட்ட குழந்தைக் கை மாதிரி இருக்கும். தண்டு வந்துவிட்டால் செடியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள்.

இது குட்டைத் தண்டு, ஒரு சாண்கூட வராது, பெரும்பாலும் இலைக்குக் கீழேதான் நிற்கும். மொட்டுகள் வளைந்து வளைந்து மாற்றி மாற்றி அமைந்திருக்கும், ஒரே நேரத்தில் எல்லாம் பூக்காது. ஒன்று பூக்கும், சில வாரம் இருக்கும், அது விழும் நேரத்துக்கு அடுத்தது. வெள்ளை ஆர்க்கிட் பழக்கத்தில் பூ விழுந்ததும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவீர்கள், அதுதான் இரண்டாவது பெரிய தப்பு. தண்டு பச்சையாக இருக்கும்வரை தொடாதீர்கள். அதே தண்டு சில மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி மொட்டு விடும், வருடக்கணக்கில். என் செடியில் இப்போது ஐந்து தண்டு இருக்கின்றன, மூத்ததற்கு வயது நாலு. தானாகக் காய்ந்து பழுப்பாகிவிட்டால் மட்டும் வெட்டுங்கள்.

வாசம் பகலில்தான். இருட்டின பிறகு மூக்கை வைத்தால் ஒன்றும் வராது, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள். காலை ஒன்பது மணிக்குமேல், பூ விரிந்து ஐந்தாறு நாள் ஆனபிறகு போய்ப் பாருங்கள். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் குப்பென்று வருமே, அதில் கொஞ்சம் பன்னீரைக் கலந்த மாதிரி. ஒரே பூதான், கார் கதவைத் திறக்கும்போதே தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சில சமயம் பூ வாடி விழாமல், ஊதா மங்கி, இதழெல்லாம் தடித்துப் பச்சையாகிவிடும். நோய் இல்லை. ஏதோ ஒரு பூச்சி வந்து மகரந்தம் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த இனத்தில் சூல் பிடித்த பூ உதிராது, இலை மாதிரி பச்சையாக மாறிக் காய்க்குப் பின்னாலேயே நிற்கும். காய் முற்ற மாதக்கணக்காகும், அதுவரை செடியின் சத்தையெல்லாம் அதுவே இழுக்கும். உள்ளே இருக்கும் தூசி மாதிரி விதை ஆய்வகக் குடுவையில்தான் முளைக்கும், தொட்டியில் தூவினால் வராது. முதல் வருடச் செடி, இலை மூன்றுதான் இருக்கிறது என்றால் காயைக் கிள்ளிவிடுங்கள். திடமான செடி என்றால், ஒன்றே ஒன்றை விட்டுவைத்துப் பாருங்கள், எனக்கு அந்தப் பச்சைப் பூவும் பிடிக்கும்.